மூடியைத் தூக்குவது யார்?

அந்தப் பட்டறையிலிருந்து வெளியே போன மாவு பிசையும் இயந்திரம் எதுவும் அதுவரை திரும்பி வந்ததில்லை. பட்டறையை நடத்தும் பெரியவரின் அப்பா காலத்தில் செய்த இயந்திரங்கள்கூட இன்னும் எங்கெங்கோ ரொட்டி அடுப்புகளுக்குப் பக்கத்தில் முனகாமல் உழைத்துக்கொண்டிருக்கின்றன. மிகைப்படுத்திச் சொல்வது அந்தக் குடும்பத்தின் வழக்கமில்லை. அதனால்தான் அன்று காலை லாரியிலிருந்து ஓர் இயந்திரம் இறங்கியபோது பட்டறையில் சுத்தியல் சத்தம் அடங்கிப்போயிற்று.

லாரிக்குப் பின்னால் வந்த காரிலிருந்து ஓர் அம்மாள் இறங்கினார். பல ஊர்களில் ரொட்டிக்கடை நடத்தும் பெரிய நிறுவனம் ஒன்றின் சோதனை அதிகாரி. புதிதாகத் திறக்கும் கடைகளுக்கு எந்த இயந்திரத்தை வாங்குவது என்று முடிவு செய்பவர். பட்டறையும் வீடும் ஒரே மதிலுக்குள் இருந்தன. பெரியவர் அவரை வரவேற்று வீட்டின் முன்னறையில் உட்காரவைத்தார்.

"இயந்திரத்துல ஒரு குறையும் இல்லீங்க," என்றார் அதிகாரி. "இரும்புன்னா இதுதான் இரும்பு. ஆனா இதுகூட வந்த ஆங்கிலப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு எங்க ஆளுங்க யாராலயும் இதை ஓட்ட முடியல. ஒருத்தர் மூடி தானா திறக்கும்னு காத்துக்கிட்டு நின்னாரு. இன்னொருத்தர் மாவை அறை முழுக்கப் பறக்க விட்டாரு. எங்க கடைகள்ல பல மொழிக்காரங்க வேலை செய்றாங்க. எல்லாருக்கும் பொதுவா இருக்கிறது ஆங்கிலம்தான். அதுலயே இப்படின்னா நான் என்ன பண்றது?"

பெரியவர் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவர் அவர்தான்.

"ஒரு வழி சொல்றேன். இயந்திரத்தை வாங்கிக்கிறோம். நெத்தியில இருக்கிற பித்தளைத் தகட்டை மட்டும் கழட்டிட்டு எங்க பேரைப் போட்டுக்கிறோம். புத்தகத்தையும் நாங்களே எழுதிக்கிறோம். இயந்திரத்துல யார் பேரோ, புத்தகத்துலயும் அவங்க பேர்தான் இருக்கணும்னு எங்க சட்டம்."

அந்தத் தகட்டில் பொறித்திருந்தது குடும்பப் பெயர். பெரியவரின் அப்பா முதல் இயந்திரத்தில் தன் கையால் பதித்தது.

"பெத்த பிள்ளைக்கு அடுத்த வீட்டுப் பேரை வைக்கிற பழக்கம் எங்க குடும்பத்துல இல்லீங்க," என்றார் பெரியவர். "பேரில்லாம எங்க இரும்பு வெளிய போகாது."

அதிகாரி எழுந்தார். கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. "அப்ப புத்தகத்தைச் சரி பண்ணுங்க. அடுத்த வாரம் எங்க சமையற்கூடத்துல சோதனை. இந்த இயந்திரத்தைத் தொட்டே பாத்திராத ஒரு ஆளை நான் கொண்டாருவேன். புத்தகத்தை மட்டும் படிச்சு அவர் மாவு பிசையணும். நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. பிசைஞ்சுட்டாருன்னா உங்க பேரு. பிசையலேன்னா ஒண்ணு எங்க பேரு, இல்லேன்னா வேற இயந்திரம்."

உள்ளறையில் கேட்டுக்கொண்டிருந்த தாலாட்டு அந்த இடத்தில் சட்டென்று நின்றது. அதிகாரி சொன்னதைவிட அது பெரியவருக்குச் சுருக்கென்று தைத்தது. பாடிக்கொண்டிருந்தவர் சம்பந்தி அம்மாள்.

மருமகளுக்குக் குழந்தை பிறந்து அவளுடைய தாயார் துணைக்கு வந்து தங்கியிருந்தார். ஆங்கில நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நிருபர்கள் அவசரத்தில் எழுதிக் கொண்டுவருவதை வெட்டி, ஒட்டி, மனிதர்கள் படிக்கும்படி ஆக்குவதே அவருடைய வேலையாக இருந்தது. மந்திரிக்கும் போலீசுக்கும் பயப்படாத நிருபர்கள் அவருக்குப் பயப்பட்டார்கள் என்று மருமகள் பெருமையாகச் சொல்வாள். அப்படிப்பட்டவர் காதில் போயா இது விழ வேண்டும்? வீட்டுக் குறை தெருவுக்குத் தெரிந்தாலும் தாங்கிக்கொள்ளலாம். சம்பந்தி வீட்டுக்குத் தெரியலாமா?

பெரியவர் அலுவலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். புத்தகத்தைத் தாமே சரிசெய்ய உட்கார்ந்தார். புரியவில்லை என்றால் இன்னும் விளக்கம் தேவை என்பது அவருடைய கணக்கு. மறுநாள் மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். இயந்திரங்களை வரைந்து வடிவமைப்பவன் அவன்.

மகன் ஒரு பக்கத்தைப் படித்து முடித்து மூச்சு வாங்கினான். "அப்பா, இது முன்னைவிட நீளமா இருக்கு."

"விளக்கமா இருக்கு."

"எங்க ஆரம்பிச்சுது, எங்க முடிஞ்சுதுன்னே தெரியலப்பா."

"உனக்குப் பொறுமை இல்ல. உங்கம்மா பக்கம்."

மகன் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

அன்று மதியம் பெரியவர் பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தபோது சம்பந்தி அம்மாள் குழந்தைத் துணிகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, ஒண்ணு சொல்றேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"எடுத்துக்கிற மாதிரி இருந்தா சொல்லாதீங்க, சம்பந்தி அம்மா."

"அந்தப் புத்தகத்தை என்கிட்ட குடுங்க."

"நீங்க எங்க வீட்டு விருந்தாளி. விருந்தாளிய வேலை வாங்குறது எங்களுக்குப் பழக்கமில்ல."

சம்பந்தி அம்மாள் ஒரு துணியை உதறினார். "பேரன் துணிய துவைக்கிறப்ப விருந்தாளிங்கிற ஞாபகம் யாருக்கும் வரலையே."

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்படியில் நின்ற மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கிறாள் என்பது பெரியவருக்குத் தெரியாமல் இல்லை. அவர் தகட்டை நினைத்துக்கொண்டார். பிறகு, "சரி. ஆனா பட்டறைக்குள்ள. ஆளுங்க சாப்பிடப் போன பிறகு. கதவைச் சாத்திக்கிட்டு," என்றார்.

சம்பந்தி அம்மாள் சிவப்புப் பேனாவோடு வருவார் என்றுதான் பெரியவர் எதிர்பார்த்தார். அவர் வெறுங்கையோடு வந்து, இயந்திரத்துக்கு எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"பேனா?"

"அது அப்புறம். இப்ப நான் படிக்கிறேன், நீங்க செய்யுங்க. வாக்கியம் என்ன சொல்லுதோ அதை மட்டும். இயந்திரத்தைப் பத்தித் தெரிஞ்சதையெல்லாம் கதவுக்கு வெளிய விட்டுடுங்க."

பெரியவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். சம்பந்தி அம்மாள் ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்தைப் படித்தார். கைகளை நன்கு கழுவிய பின், மூடி மெதுவாகத் தூக்கப்படும் என்று அதற்குப் பொருள்.

"கை கழுவினது யாரு?"

"வேற யாரு? இயந்திரத்தை ஓட்டுறவர்."

"அவர்தான் இந்த வாக்கியத்துலயே இல்லையே, சம்பந்தி. கழுவின உடனே மூடி வந்து நிக்குது. இப்படி எழுதினா ஆங்கிலத்துல மூடிதான் கை கழுவினதா ஆகும். உங்க மூடிக்குக் கை இருக்கா?"

"இல்ல."

"சரி, அடுத்தது. தூக்கப்படும்னு இருக்கு. தூக்கப்படட்டும்."

பெரியவர் மூடியை நோக்கிக் கையை நீட்டினார்.

"ம்ஹூம். வாக்கியம் உங்களைச் சொல்லலையே."

பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்து நின்றார். மின்விசிறி சுற்றியது. மூடி இருந்த இடத்திலேயே இருந்தது. ரொட்டிக்கடையில் இப்படித்தானே ஒரு மனிதர் நின்றிருப்பார் என்று தோன்றியபோது காதுமடல் சூடாகியது.

"ஒரு இடத்துல ரெண்டு இடத்துல இப்படின்னா கைத்தவறுன்னு விட்டுடலாம்," என்றார் சம்பந்தி அம்மாள். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. "புத்தகம் முழுக்க ஒரு ஆள்கூடக் கிடையாது. எல்லாம் தானா திறக்குது, தானா ஊத்துது, தானா சுத்துது. வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கு."

"வேணும்னுதான் செஞ்சேன்."

சம்பந்தி அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கப்பா காலத்துலேருந்து வாங்க வர்றவங்கள நாங்க ஏவுறதில்ல. தூக்கு, திற, போடுன்னு சொல்றதுக்கு அவங்க யாரு, நாம யாரு? ஆங்கிலத்துல தூக்குங்கன்னு மரியாதையாச் சொல்ல வழியில்ல. தூக்குன்னு மொட்டையாத்தான் வருது. அதை எங்க பேர் போட்ட புத்தகத்துல எப்படி எழுதுறது?"

அது உண்மை. பட்டறையில் வேலை செய்பவர்களைக்கூட அவர் ஏவியதில்லை. 'அந்தத் திருகு கொஞ்சம் இறுகியிருந்தால் நன்றாக இருக்கும்' என்பார். அது இறுகிவிடும். மூன்று தலைமுறையாக அந்தக் கூரைக்குக் கீழே கட்டளை என்பதே கிடையாது. அந்தப் பேச்சை அப்படியே ஆங்கிலத்தில் தூக்கி வைத்திருந்தார். திருகை இறுக்கப் பக்கத்தில் ஆள் இருந்தால்தான் அந்தப் பேச்சு பலிக்கும் என்பதை யோசிக்கவில்லை.

மருமகள் கதவை மெல்லத் திறந்துகொண்டு வந்து நின்றாள். குழந்தை தூங்கியிருந்தது.

"மாமா, தெருவுல ஒருத்தர் உங்ககிட்ட வழி கேட்டா என்ன சொல்வீங்க?"

"இதென்ன கேள்வி? இடது பக்கம் திரும்புங்கன்னு சொல்வேன்."

"இடது பக்கம் திரும்பப்படும்னு சொல்ல மாட்டீங்களே. அவரை ஏவிட்டோமேன்னு வருத்தப்படுவீங்களா?"

கேட்டவருக்கு வழி சொல்வதும் ஏவுவதும் ஒன்றில்லை என்று பெரியவருக்கு இப்போதுதான் உறைத்தது. ஆனால் மருமகள் முன்னால் அதை உடனே ஒப்புக்கொள்ள முடியுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேல படிங்க, சம்பந்தி அம்மா," என்றார்.

அடுத்த வாக்கியம் ஒரு முழுப் பக்கத்துக்கு நீண்டது. அதற்கும் ஒரு காரணம் இருந்தது. பெரியவர் ஓடுகிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, அது ஓட ஓடத்தான் எழுதுவார். கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும் என்பது அவருடைய நேர்மை. இயந்திரம் நிற்காமல் ஓடியது. வாக்கியமும் கூடவே ஓடியது. ஒரு செயலுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் கமாவையும் 'அண்ட்'டையும் போட்டு இழுத்துக்கொண்டே போயிருந்தார்.

மின்சாரம் கொடுக்காமல், சம்பந்தி அம்மாள் படிக்கப் படிக்கப் பெரியவர் செய்துகொண்டே போனார். மாவு போடுவது, மூடுவது, தண்ணீர் ஊற்றுவது, மீண்டும் திறப்பது. கிண்ணத்தின் ஓரங்களில் ஒட்டிய மாவு கையால் வழிக்கப்படும் என்ற இடம் வந்தது. பெரியவர் கையை உள்ளே விட்டார். பிசையும் கொக்கியைச் சுற்றிக்கொண்டு கை கிண்ணத்தின் அடிவரை போயிற்று.

சம்பந்தி அம்மாள் மிச்சத்தைப் படித்தார். அதற்கு முன் இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கும் என்று வாக்கியம் முடிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பெரியவர் கையை மெதுவாக வெளியே எடுத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"மூடி திறக்கும்னு நிக்கிறவருக்கு நேரம்தான் போகும்," என்றார் தாழ்ந்த குரலில். "இதை நம்பிக் கையை விட்டவருக்கு…" குடும்பப் பெயரைக் காப்பாற்ற அவர் ஓடியாடிக்கொண்டிருந்தார். அந்தப் பெயருக்கு வரவிருந்த உண்மையான கேடு அவர் எழுதிய வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருந்தது.

"வெட்டுங்க, சம்பந்தி அம்மா. பத்திரிகை ஆபீஸ்ல உங்களுக்குக் கத்தரின்னு பேராமே."

"யார் சொன்னது?"

"உங்க பொண்ணு."

"அம்மா, நான் பெருமையாத்தான் சொன்னேன்," என்றாள் மருமகள்.

பிறகு பட்டறைக் கதவைச் சாத்தவில்லை. வேலையாட்கள் பார்க்கவே இருவரும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஒரு செயல் முடிந்ததும் சம்பந்தி அம்மாள் முற்றுப்புள்ளி வைத்தார். முதலில் செய்ய வேண்டியதை வாக்கியத்தின் முதலிலேயே கொண்டுவந்து வைத்தார். 'கிண்ணம் சரியாகப் பொருந்தாத நிலையில்' என்று பாதியில் நின்ற ஒரு வாக்கியத்தைப் பார்த்து, "பொருந்தாத நிலையில என்ன பண்றது, சம்பந்தி? அப்படியே நின்னு அழவா?" என்று கேட்டார். பெரியவர் மிச்சத்தைச் சொல்ல, அது முழு வாக்கியமாயிற்று. 'லிஃப்ட் தி லிட்', அதாவது மூடியைத் தூக்கு, என்று முதல் முறையாக எழுதியபோது பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் முறை திறந்தே வைத்திருந்தார்.

ஆனால் அவர் ஒன்றும் தலையாட்டிப் பொம்மையாக இருந்துவிடவில்லை. வேகச் சக்கரத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே தண்ணீர் ஊற்ற வேண்டிய இடம் வந்தது. சம்பந்தி அம்மாள் வழக்கம்போல அதையும் இரண்டாக வெட்டினார்.

"இதை வெட்டக் கூடாது."

"ரெண்டு செயல், ரெண்டு வாக்கியம். நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?"

"இது ரெட்டைப் பிள்ளை, சம்பந்தி அம்மா. ஒரு கை சக்கரத்துல இருக்கிறப்பவே இன்னொரு கை ஊத்தணும். ரெண்டா எழுதினா முதல்ல ஊத்தி முடிச்சிட்டுத்தான் சக்கரத்தைத் தொடுவான். மாவு கட்டி கட்டியா நிக்கும். உங்க பொண்ண வேணா செஞ்சு பாக்கச் சொல்லுங்க."

மருமகள் செய்து பார்த்தாள். மாவு கட்டி கட்டியாக நின்றது. சம்பந்தி அம்மாள் கட்டி ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டு, வெட்டியதை மறுபடி ஒட்டினார்.

"இத்தனை வருஷத்துல எந்த நிருபரும் என்னை ஒட்ட வெச்சதில்ல."

"அவங்க யாரும் மாவு பிசைஞ்சதில்ல," என்றார் பெரியவர். அன்று இரண்டு வேளைச் சாப்பாடு அவருக்கு ருசித்தது.

சோதனை நாள் வந்தது. வெள்ளை ஓடு பதித்த பெரிய சமையற்கூடம். நடுவே இயந்திரம், அதன் நெற்றியில் தகடு, பக்கத்து மேசையில் புதுப் புத்தகம். பெரியவர், மகன், சம்பந்தி அம்மாள் மூவரும் சுவரோரம் நின்றார்கள். நாற்காலி கொடுத்தும் பெரியவர் உட்காரவில்லை.

அதிகாரி கூட்டிக்கொண்டு வந்தது தம் கார் ஓட்டுநரை.

"மேடம், வீட்ல வெந்நீர் போடக்கூட என்னை விட மாட்டாங்க," என்றார் ஓட்டுநர்.

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். படிச்சுச் செய்யுங்க."

ஓட்டுநர் வரிக்கு வரி விரலை வைத்து, உதடசைத்துப் படித்தார். கை கழுவினார். மறுபடி படித்தார். மூடியைத் தூக்கினார். மாவைக் கொட்டினார். அவர் ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் நிற்பதும், செய்வதும், திரும்பி வந்து அடுத்த வாக்கியத்தின் தலையைப் பிடிப்பதுமாக இருந்தார். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். புத்தகத்தைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். பெரியவரின் உதடு பிரிந்தது.

"கால்ல ஆணி ஏறினாலும் பேசாதீங்க," என்றார் சம்பந்தி அம்மாள், அவர் பக்கம் திரும்பாமலே.

ஓட்டுநர் அந்த வாக்கியத்தை இன்னொரு முறை, கடைசிவரை படித்தார். பிறகு செம்பை வலக்கைக்கு மாற்றி, இடக்கையைச் சக்கரத்தில் வைத்தார். சக்கரம் திரும்பத் திரும்ப மூடியின் துளை வழியே தண்ணீர் நூல் பிடித்தாற்போல் இறங்கியது. பெரியவர் மூச்சை விட்டார். சம்பந்தி அம்மாளும் விட்டார். ஆனால் அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் கிண்ணத்தின் ஓரத்தில் மாவு ஒட்டத் தொடங்கியது. கண்ணாடி மூடி வழியாக ஓட்டுநர் அதைப் பார்த்தார். யாருக்கும் தோன்றுவதுதான் அவருக்கும் தோன்றியது. கை தானாக மூடிக்குப் போயிற்று. மகன் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்துவிட்டான். ஆனால் ஓட்டுநரின் கண் அதற்குள் புத்தகத்துக்குப் போய்விட்டது. அங்கே வாக்கியத்தின் முதல் சொல்லே 'ஸ்டாப்' என்று இருந்தது.

கை திரும்பியது. சிவப்புப் பொத்தானை அழுத்தியது. கொக்கி சுற்றி ஓயும்வரை ஓட்டுநர் காத்திருந்தார். பிறகுதான் மூடியைத் தூக்கி, மாவை வழித்தார்.

அதிகாரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போன தடவை இந்த இடத்துலதான் நானே ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்தினேன்," என்றார். முன்னறையில் உட்கார்ந்திருந்தபோது அவர் இதைச் சொல்லவில்லை. பெரியவரின் வயதுக்கு மரியாதை கொடுத்து விழுங்கியிருந்தார் போலிருக்கிறது.

இயந்திரம் ஓய்ந்தபோது கிண்ணத்தில் மாவு பட்டுப்போல உருண்டு கிடந்தது. ஓட்டுநர் அதை எடுத்து மேசையில் போட்டு ஒரு தட்டு தட்டினார். பெற்ற பிள்ளையைத் தட்டுவது மாதிரி இருந்தது. "தயவு செஞ்சு இது என் வீட்டுக்குத் தெரிய வேண்டாம்," என்றார். "நாளைலேருந்து என்னையே பிசையச் சொல்லிடுவாங்க."

சமையற்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். மகன் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"தகடு அப்படியே இருக்கட்டும்," என்றார் அதிகாரி. "எல்லாக் கடைக்கும் உங்க இயந்திரம்தான், உங்க பேர்தான். இன்னொண்ணு. எங்ககிட்ட அடுப்பு, ரொட்டி வெட்டுற இயந்திரம்னு நிறைய இருக்கு. எல்லாத்தோட புத்தகமும் ஒரே கந்தல். இதை எழுதின ஆளையே வெச்சு அதையும் எழுதிக்கணும். யார் எழுதினது?"

எங்கள் குடும்பம் என்று ஒரே சொல்லில் பெரியவர் முடித்திருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. ஆனால் அவர் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்து நின்றார்.

"முதல் புத்தகத்தை எழுதினது நான். அதுல இருந்த தப்பெல்லாம் என்னோடது. இது எங்க சம்பந்தி அம்மா திருத்தினது." முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. "அப்படிப்பட்ட வீட்லதான் நாங்க பெண் எடுத்திருக்கோம்."

சம்பந்தி அம்மாள் எத்தனையோ பேருடைய எழுத்தைத் திருத்தியவர். அதை நாலு பேர் முன்னால் ஒருவரும் சொன்னதில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "ஒரு இடத்துல அவர் என்னைத் திருத்தினாருங்க. அதையும் எழுதிக்குங்க," என்றார் அதிகாரியிடம்.

"அப்ப புத்தகத்துல ரெண்டு வீட்டுப் பேரும் வரணும்," என்றார் பெரியவர். "புத்தகத்துல இருக்கிற பேர் இயந்திரத்துலயும் இருக்கணும்னுதானே உங்க சட்டம்? தகட்டுலயும் ரெண்டையும் பொறிச்சுடறேன்."

மகன் திகைத்துப்போய் அப்பாவைப் பார்த்தான். அந்தத் தகட்டில் ஒரு கீறல் விழுந்தாலும் பொறுக்காத மனிதர்.

"தகடெல்லாம் வேண்டாம், சம்பந்தி," என்றார் சம்பந்தி அம்மாள். "எங்க வீட்ல யாரும் இரும்பு அடிச்சதில்ல. அடிக்காத இரும்புல எங்க பேர் எதுக்கு? புத்தகத்துல மட்டும் போடுங்க, போதும்." கொஞ்சம் யோசித்தார். "அட்டையில போடுங்க. நல்லாப் பெரிய எழுத்துல."

அதிகாரி சட்டத்தில் இடம் பண்ணித் தருவதாகச் சொன்னார். பெரியவர் சட்டைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்துப் புத்தகத்தின் அட்டைமேல் வைத்து, எவ்வளவு பெரியதாக என்று சம்பந்தி அம்மாளைக் கேட்டார்.